கைகூப்பி நிற்கும் கூரைகள்

ஜப்பானியர் இரு கைகளையும் கூப்பி வணங்குவதைக் 'காஷ்ஷோ' என்று சொல்வர். பௌத்த சமயத்தோடு இந்தியாவிலிருந்து புறப்பட்டு, சீனம், கொரியா வழியாக அந்நாட்டை அடைந்த அஞ்சலிதான் அது. அந்தச் சொல்லையே ஒரு வகை வீட்டிற்கும் பெயராக வைத்திருக்கிறார்கள். கூரையின் இரு பக்கங்களும் செங்குத்தாக எழுந்து, உச்சியில் இரண்டு உள்ளங்கைகளைப் போல ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதால் அப்பெயர். ஜப்பானின் நடுப்பகுதியில், கிஃபு மாநிலத்தைச் சேர்ந்த ஷிரகாவா என்னும் மலைநாட்டிலும், அதற்கு வடக்கே டொயாமா மாநிலத்துக் கோகயாமாவிலும் இவ்வீடுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில், ஓகிமாச்சி என்னும் சிற்றூரில், ஓர் இரவு தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஓர் இரவைக் கொண்டு முந்நூறு ஆண்டுக் கதையைப் பேச முன்வருவது துணிச்சல்தான். ஆயினும் அந்த வீடு தன் கதையைத் தானே சொல்லக்கூடியதாக இருந்தது. நான் செய்ததெல்லாம் கேட்டதும், திரும்பி வந்து நூல்களில் சரிபார்த்ததுமே.

நாகோயா நகரிலிருந்து பேருந்தில் சென்றேன். வழியில் ஹிடா மலையைக் குடைந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கப்பாதை ஒன்று வருகிறது. அது திறக்கப்பட்டது 2008ஆம் ஆண்டில். அதற்கு முன் இவ்வூருக்கு வருவது எளிதன்று. பனிக்காலத்தில் இரண்டு மீட்டருக்கு மேல் பனி குவியும் பள்ளத்தாக்கு இது. சாலைகள் ஏற்படாத காலத்தில், மலைக்கணவாய்கள் அடைபட்டுவிட்டால் ஊர் மக்கள் வசந்தம் வரையில் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியவர்கள். ஆகவே அவர்களுடைய வீடு வெறும் உறைவிடமாக மட்டும் இருக்க இயலவில்லை. அதுவே களஞ்சியம், அதுவே தொழிற்சாலை, அதுவே கோயில். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அதன் ஒவ்வோர் அங்கத்திற்கும் காரணம் விளங்கும்.

மாலை நான்கு மணிக்கெல்லாம் மலையின் நிழல் வயல்களின் மீது விழுந்துவிட்டது. வாயிலில் காலணிகளைக் கழற்றிவைத்து, முழங்கால் உயரத் தளத்தின்மேல் ஏறினேன். நடுக்கூடத்தில், தரையிலேயே சதுரமாக வெட்டிச் சாம்பல் நிரப்பிய கணப்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. 'இரோரி' என்பது அதன் பெயர். புகைபோக்கி கிடையாது. புகை தன் போக்கில் மேலே எழுந்து, பலகைகளின் இடைவெளி வழியே மேல்தளங்களுக்குள் புகுந்து மறைந்தது. அண்ணாந்து பார்த்தால் விட்டங்கள் மெருகிட்ட கருங்காலி போலப் பளபளத்தன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான புகை அது. கண் எரிந்தது என்பதை மறைப்பானேன்? சிறிது நேரத்தில் பழகிவிட்டது.

இரவு உணவுக்கு ஓடைமீனை ஈர்க்கில் கோத்து நெருப்பைச் சுற்றி நட்டுவைத்திருந்தார்கள். சைவ உணவினர் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மீன் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சாற்றிலே இருக்கும். மலைக்கீரைகளும், பெரணித் தளிர்களும், கயிற்றால் கட்டித் தூக்கினாலும் உடையாது என்று பெருமை பேசப்படும் கெட்டியான சோயாக் கட்டியும் இருந்தன. அகன்ற காட்டு மரத்து இலை ஒன்றில் மிசோ என்னும் புளித்த சோயா விழுதை வைத்துத் தணலில் சுடவைத்துப் பரிமாறினார்கள். இலையில் உண்டு வளர்ந்த நமக்கு அதன் மணம் அயலாகத் தோன்றவில்லை.

வீட்டுக்குடைய மூதாட்டி, உணவு முடிந்ததும், மேல்தளங்களைக் காட்ட அழைத்துச் சென்றார். உடன்வந்த நண்பர் மொழிபெயர்த்தார். ஏணி போன்ற படிகளில் ஏறினால், கூரைக்குள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தளங்கள். சில வீடுகளில் மூன்றும் நான்கும் உண்டு. இங்கேதான் கட்டடத்தின் விந்தை தெரிகிறது. கீழ்ப்பகுதி தச்சர்கள் செய்தது. ஹிடா நாட்டுத் தச்சர்கள் பழங்காலந்தொட்டே அரண்மனைப் பணிக்கு அழைக்கப்பட்ட கைவல்லுநர்கள். அவர்கள் தூண் நிறுத்தி, துளையிட்டு, பொருத்திச் செய்த வேலை கீழே. மேலேயுள்ள கூரையோ ஊரார் கட்டியது. அங்கே ஆணியே இல்லை. பெருங்கைமரங்களை வைக்கோற்கயிற்றாலும், காட்டு மிலாறுகளை நசுக்கி முறுக்கி எடுத்த 'நெசோ' என்னும் பட்டையாலும் இறுகக் கட்டியிருக்கிறார்கள். பச்சையாகக் கட்டிய மிலாறு உலர உலர இறுகும். கைமரத்தின் அடிமுனையைக் கூராகச் சீவி, விட்டத்தின் குழியிலே வெறுமே ஊன்றியிருக்கிறார்கள். காற்றும் பனியின் பாரமும் கூரையைச் சற்றே அசைக்கலாம். அசைவதற்கு இடம் இருப்பதால் அது முறிவதில்லை. கூரையின் சரிவு ஏறத்தாழ அறுபது பாகை. ஈரமும் கனமும் மிக்க பனி தங்காமல் வழுக்கி இறங்குவதற்காக. முக்கோணச் சுவர்கள் வடக்கும் தெற்குமாகப் பார்க்கும்படி வீடுகளை வரிசையாக அமைத்திருப்பதும் கருதிச் செய்ததே: பள்ளத்தாக்கின் வழியே வீசும் காற்றுக்குக் கூரையின் அகலமான பக்கம் எதிர்நிற்பதில்லை, இரு சரிவுகளிலும் வெயில் மாறிமாறி விழுந்து புல் உலர்கிறது.

ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் புரூனோ டவுட், நாஜிகளின் ஆட்சியிலிருந்து தப்பி 1933இல் ஜப்பானுக்கு வந்தவர். 1935ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் ஷிரகாவாவுக்குச் சென்று இவ்வீடுகளைக் கண்டு, இவற்றின் கட்டுமானத்தில் உள்ள அறிவுநெறியைப் பாராட்டி எழுதினார். அதன் பிறகே வெளியுலகம் திரும்பிப் பார்த்தது என்பர். பக்கத்து நகரத்தார் அதுவரை அவற்றை ஏழைக் குடியானவர்களின் பழங்குடில்கள் என்றே எண்ணியிருப்பார்கள். வெளியார் ஒருவர் வந்து சொன்ன பிறகு தன் வீட்டின் அருமையை உணர்வது ஜப்பானியருக்கு மட்டும் உரிய குணம் அன்று.

இனி, கீழே வருவோம். நான் அமர்ந்திருந்த கணப்பின் இரு மருங்கிலும், தரைப்பலகைக்கு அடியில், முற்காலத்தில் ஆழமான குழிகள் இருந்தன. அவற்றில் விளைந்தது வெடியுப்பு. வெடிமருந்தின் பெரும்பகுதி இவ்வுப்புதான். 1543ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் வழியாக ஜப்பானில் துப்பாக்கி புகுந்தபின், கந்தகத்துக்கும் கரிக்கும் அந்நாட்டில் குறைவில்லை, வெடியுப்புக்குத்தான் வழியில்லை. நம் நாட்டில் பீகாரின் மண்ணிலே அது பூத்துக் கிடந்தது. நூனியா என்னும் வகுப்பார் அதைச் சுரண்டி, கரைத்து, காய்ச்சி எடுத்தார்கள்; பாட்னாவிலிருந்து டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றார்கள். இன்று பாட்னாவில் வாழும் நேயர்களுக்கு இது ஊர்க்கதையாகவே இருக்கும். ஜப்பானிலோ கனமழை மண்ணைக் கழுவிவிடும். அதனால் மழை படாத மண்ணைத் தேடினார்கள். அது வீட்டுத் தரையின் அடியில் இருந்தது.

கோகயாமா மக்கள் கண்ட முறை இது. குழியில் மண்ணைப் பரப்பி, அதன்மேல் பட்டுப்புழுவின் எச்சம், மாசிபத்திரி இனத்துச் செடி, இன்னும் சில தழைகள், சிறுநீர் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு மூடுவார்கள். ஆண்டுக்குச் சில முறை கிளறிப் புதிய தழை சேர்ப்பார்கள். கணப்பின் சூட்டில் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அழுகலை உப்பாக மாற்றும். அந்த நுண்ணுயிர்களின் பெயர் அன்று உலகில் எவருக்கும் தெரியாது. ஆனால் வேலை நடந்தது. நான்கைந்து ஆண்டு பொறுத்தபின் அம்மண்ணை எடுத்து, நீர் விட்டு வடித்து, காய்ச்சி, மீண்டும் மீண்டும் படிகமாக்கினால் வெண்மையான உப்புக் கிடைக்கும். கானசாவா நகரிலிருந்து ஆண்ட மயேடா குலத்துக் காகா சிற்றரசு அதை வாங்கிக்கொண்டது. ஓசாகாவில் இருந்த ஹொங்கான்ஜி மடம் ஓடா நோபுநாகாவை எதிர்த்து 1570 முதல் 1580 வரை நடத்திய போருக்கே இம்மலையிலிருந்து வெடியுப்பு சென்றது என்றும் ஒரு மரபு உண்டு. அந்த மடத்தின் நெறியைப் பின்பற்றியவர்கள் இம்மலை மக்கள். இன்றும் வீடுதோறும் கூடத்தை அடுத்துப் புத்தர் மாடம் ஒன்று இருக்கிறது. 'நமு அமிதா புட்சு' என்று அவர்கள் சொல்லும்போது, முதற்சொல் நம்முடைய 'நமோ' என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

படைப்பொருள் விளையும் இடம் என்பதால், அங்கே வெளியார் கண் படாமல் இருப்பதை ஆட்சியாளர் விரும்பியிருத்தல் இயல்பே. காகா சிற்றரசு தன் குற்றவாளிகளை நாடுகடத்தியதும் இங்கேதான். அவர்கள் தப்பாதிருக்கும் பொருட்டு ஷோ ஆற்றின்மேல் பாலம் கட்ட அனுமதிக்கவில்லை. கரைக்குக் கரை கயிறு கட்டி, அதில் தொங்கும் கூடையில் ஆளை இழுத்துச் சேர்ப்பார்கள். சுகனூமா என்னும் சிற்றூரில் வெடியுப்புத் தொழிலைக் காட்டும் அருங்காட்சி வீடு ஒன்று இப்போது இருக்கிறது. 1871இல் சிற்றரசுகள் ஒழிக்கப்பட்டன. அயல்நாட்டு வெடியுப்பும் மலிவாக வந்து இறங்கியது. குழிகள் தூர்ந்தன.

அடித்தளத்து வருவாய் போனாலும் மேல்தளத்து வருவாய் வளர்ந்தது. 1859இல் யோகோஹாமாத் துறைமுகம் அயல் வாணிகத்துக்குத் திறக்கப்பட்டபின் ஜப்பானியப் பட்டுக்கு உலகச் சந்தை கிடைத்தது. கணப்பின் வெம்மை பலகை இடுக்குகள் வழியே மேலேறும். முக்கோணச் சுவரின் சாளரங்கள் ஒளியும் காற்றும் தரும். பட்டுப்புழு வளர்க்க வேறென்ன வேண்டும்? தட்டுத் தட்டாக முசுக்கட்டை இலையைப் பரப்பி, ஆயிரக்கணக்கான புழுக்களை அங்கே வளர்த்தார்கள். இன்று நாம் காணும் வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கட்டப்பட்டவை. பட்டின் காலத்தவை என்று சொன்னால் பெரிதும் பொருந்தும்.

இவ்வீடுகள் சிலவற்றில் முப்பது நாற்பது பேர் கூட்டாக வாழ்ந்த செய்தியையும் குறிப்பிட வேண்டும். ஷிரகாவாவின் தென்பகுதியில் விளைநிலம் மிகக் குறைவு. அதைக் கூறுபோடாதிருக்க, மூத்த மகனுக்கு மட்டுமே முறைப்படி மணம். மற்ற ஆண்களும் பெண்களும் பிறந்த வீட்டிலேயே இருந்து உழைத்தனர்; அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் தாயின் வீட்டில் வளர்ந்தன. அறிஞர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்த மாடியில் ஆயுள் முழுதும் உழைத்த இளைய பிள்ளைகள் என்ன நினைத்தார்கள் என்பதை எழுதியவர்கள் குறைவு.

கூரைக்கு மீண்டும் வருகிறேன். ஏனெனில் இவ்வீட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வேயும் புல் நம் நாணலுக்கு நெருங்கிய உறவான நெடும்புல். அது முப்பது நாற்பது ஆண்டு தாங்கும். அப்புறம் பிரித்து எறிந்து புதிதாக வேய வேண்டும். ஒரு பெரிய வீட்டின் கூரையை ஒரு குடும்பம் தனியே வேய்வதானால் ஒரு பருவம் முழுதும் போதாது. அதற்குள் பனி வந்துவிடும். ஆகையால் ஊரே கூடும். 'யுயி' என்பது இந்த வழக்கத்தின் பெயர். 'பிணைத்தல்' என்பது அதன் நேர்ப்பொருள். நூறு பேர், இருநூறு பேர் விடியற்காலையில் கூடி, ஒரு பக்கத்துக் கூரையை ஓரிரு நாளில் வேய்ந்து முடித்துவிடுவார்கள். சரிவின்மேல் சிலர் வரிசையாக நின்று புல்லை அடுக்க, உள்ளே இருப்பவர்கள் மரவூசியில் கோத்து வரும் கயிற்றை வாங்கித் திருப்பி அனுப்புவார்கள். பெண்கள் அத்தனை பேருக்கும் சமைப்பார்கள். சிறுவர்கள் புற்கட்டு சுமப்பார்கள். இதற்குக் கூலி இல்லை. ஆனால் கணக்கு உண்டு. எந்த வீட்டிலிருந்து எத்தனை ஆள் வந்தார்கள், எத்தனை கட்டுப் புல், எவ்வளவு கயிறு, எவ்வளவு அரிசி கொடுத்தார்கள் என்று ஏட்டில் எழுதிவைப்பார்கள். அந்த வீட்டுக்குக் கூரை மாற்றும் முறை வரும்போது அதே அளவைத் திருப்பித் தர வேண்டும். தந்தை பெற்ற உழைப்பை மகன் அடைக்கும் நீண்ட கடன் அது. நான் தங்கிய வீட்டின் கூரையில் ஒரு சரிவு வெளிறிப் பொன்னிறமாகவும் மற்றொன்று கருத்துப் பாசி படிந்தும் இருந்தது. புதிய பக்கத்தைக் காட்டி, யார் யார் எங்கே நின்று வேய்ந்தார்கள் என்று மூதாட்டி விரலால் சுட்டிச் சொன்னார்.

இத்தகைய கடன் ஊரில் ஆட்கள் இருக்கும்வரையில்தான் செல்லும். ஷிரகாவாவில் 1924ஆம் ஆண்டில் முந்நூறு அளவில் இருந்த காஷ்ஷோ வீடுகள், 1961இல் நூற்றுத்தொண்ணூறாகக் குறைந்தன. ஷோ ஆற்றில் வரிசையாக மின்னணைகள் எழுந்தன. அவற்றுள் பெரியது மிபோரோ அணை. 131 மீட்டர் உயரமுள்ள கல்லடுக்கு அணை, 1961இல் முடிந்தது. இருநூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் ஊரை விட்டன. மூழ்க இருந்த இரு கோயில்களில் நானூறு ஆண்டுக்கு மேல் வயதான இரண்டு செர்ரி மரங்கள் நின்றன. அணையைக் கட்டிய நிறுவனத்தின் தலைவராக முன்பு இருந்த தக்காசாக்கி தட்சுனோசுகே முயன்று, 1960இல் அவற்றை வேரோடு பெயர்த்து மேட்டில் நடச் செய்தார். அவை இன்றும் பூக்கின்றன. வீடுகளுக்கும் இடமாற்றம் நேர்ந்தது. யானோஹாரா குடும்பத்தின் பெருவீடு 1960இல் யோகோஹாமாவின் சங்கேயன் தோட்டத்துக்குப் போயிற்று. வேறு சில, நகரங்களில் உணவு விடுதிகளாயின. கஸுரா என்ற குக்கிராமம் 1967இல் ஊரோடு காலிசெய்து வெளியேறியது. அவ்வூர் வீடுகள் ஆற்றின் மறுகரையில் காட்சித்திடலில் நிற்கின்றன. அழகாகத்தான் நிற்கின்றன. கணப்பைச் சுற்றி உண்டு உறங்க மட்டும் ஆளில்லை.

இந்த நிலையில்தான் ஓகிமாச்சி மக்கள் 1971இல் ஒரு சங்கம் அமைத்து, மூன்று உறுதிகளை எடுத்துக்கொண்டார்கள்: விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. சட்டம் பின்னால் வந்தது. 1976இல் அரசு அவ்வூரைப் பாதுகாக்கப்பட்ட மரபுக் கட்டடத் தொகுதியாக அறிவித்தது. 1995இல் ஓகிமாச்சியும் கோகயாமாவின் ஐனோகுராவும் சுகனூமாவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அப்போது அவற்றில் இருந்த காஷ்ஷோ வீடுகள் முறையே 59, 20, 9. பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி, பூட்டிக் கிடக்கும் பூர்விக வீட்டை என்ன செய்வது என்று உடன்பிறந்தாரோடு கடிதப் போக்குவரத்து நடத்திய நேயர்கள், அந்த மூன்று சொற்களும் எவ்வளவு கடினமானவை என்பதை என்னைக் காட்டிலும் நன்கறிவர். அன்று பட்டுத்தொழிலும் நலிந்துகொண்டிருந்தது. விற்காத வீட்டைக் கொண்டு எப்படி வாழ்வது?

அதற்கு விடையாக வந்தவர்கள் விருந்தினர். பட்டுப்புழுக்கள் போன இடத்துக்கு நாங்கள் வந்தோம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அது வேடிக்கை மட்டும் அன்று. தரைக்கடியில் வெடியுப்பு, முகட்டில் பட்டு, இப்போது நடுத்தளத்தில் படுக்கை விரித்துத் தங்கும் வழிப்போக்கர்: இந்த வீடு எக்காலத்தும் தன் கூரைக்கான செலவைத் தானே ஈட்டி வந்திருக்கிறது. அரசும் மாநிலமும் ஊராட்சியும் கூரை மாற்றும் செலவின் பெரும்பகுதியை ஏற்கின்றன. இருந்தும் குடியிருப்பவர் இல்லையேல் பயனில்லை. கணப்பின் புகைதான் புல்லில் பூச்சி அண்டாமலும் கயிறு இற்றுப்போகாமலும் காக்கிறது. மின்கணப்புக்கு மாறிய வீடுகளில் கூரை விரைவில் கெடுகிறது என்று ஊரார் சொல்கிறார்கள். விருந்தினர் வந்தால் கணப்பு எரியும். கணப்பு எரிந்தால் கூரை நிற்கும்.

விருந்தினர் அளவோடு வந்தால் சரி. ஊராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு. வந்து பார்ப்பவர்களோ, 2014க்குப் பிந்தைய ஆண்டுகளில், ஆண்டுக்குப் பதினைந்து லட்சத்தைத் தாண்டினார்கள். பெரும்பாலோர் பேருந்தில் வந்து, படம் எடுத்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்தில் போய்விடுபவர்கள். அவர்கள் கணப்பருகே அமர்வதில்லை. 2014 முதல் பகல் வேளையில் வெளியூர் வண்டிகளை ஊருக்குள் விடுவதில்லை. பனிக்காலத்தில் வீடுகளுக்கு விளக்கொளி பாய்ச்சும் விழா 1986இல் தொடங்கியது. கூட்டம் தாங்காமல், 2019 முதல் முன்பதிவு செய்தவர்களை மட்டுமே அனுமதிக்கிறார்கள். வயலில் நாற்று நடும் குடியானவர் நிமிர்ந்து பார்த்தால் எதிரே பத்துப் படக்கருவிகள் இருக்கும். உலகப் பட்டியலில் சேர்ந்த பெருமை ஊருக்கு. அதன் தொல்லை தனித்தனி ஆட்களுக்கு. மூதாட்டியின் பிள்ளைகள் இருவரும் நகரத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் திரும்பி வருவாரா என்று நண்பர் கேட்டதற்கு, அடுத்த முறை கூரை வேயும்போது வருவதாகச் சொல்லியிருக்கிறான் என்றார். பின்பு சிரித்துக்கொண்டே, அதற்கு இன்னும் முப்பது ஆண்டு இருக்கிறது என்றார்.

இவ்வூரின் பேரச்சம் நெருப்பு. புல்லும் கயிறும் மரமுமான ஊர் இது. ஒரு கூரை பற்றினால் எல்லாம் போகும். ஊரைச் சுற்றி ஐம்பதுக்கு மேற்பட்ட நீர்ப்பீரங்கிகள் மண்ணில் புதைத்தும் சிறு கூண்டுகளில் மறைத்தும் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆண்டுக்கொரு முறை, இலையுதிர் காலத்தில், அனைத்தையும் ஒரே நேரத்தில் திறந்து சோதிப்பார்கள். 2019 நவம்பர் 4ஆம் நாள், ஆற்றின் மறுகரையில், வாகனம் நிறுத்தும் திடலில் இருந்த இரு சிறு கட்டடங்கள் தீப்பற்றி எரிந்தன. ஒகினாவாவின் ஷுரி கோட்டை எரிந்து அப்போது நான்கே நாள்கள் ஆகியிருந்தன. பீரங்கிகள் நீரைப் பொழிந்தன. வாழும் வீடுகளுக்குச் சேதமில்லை. இயந்திரத்தோடு ஊரார் நிற்கவில்லை. வீட்டுக்கு வீடு முறை வைத்து, நாள்தோறும் ஊரைச் சுற்றி வந்து எச்சரிக்கிறார்கள். அன்றிரவு நான் பாயின்மேல் விரித்த மெத்தையில் கண்ணயரும் நேரத்தில், வெளியே யாரோ காகிதக் கதவுக்கு அப்பால் மெல்லக் குரல் கொடுத்துக்கொண்டு போவது கேட்டது. நண்பரை எழுப்பிக் கேட்டேன். நெருப்பைக் கவனியுங்கள் என்று சொல்லிப் போகிறார்கள் என்றார்.

விடியலில் குளிர் கடுமையாக இருந்தது. மூதாட்டி எனக்கு முன்பே எழுந்துவிட்டார். சாம்பலை ஒரு கரண்டியால் விலக்கி, இரவெல்லாம் மூடிவைத்திருந்த கனலை வெளிப்படுத்தி, அதன்மேல் இரண்டு சுள்ளிகளை வைத்து ஊதினார். புகை எழுந்து, விட்டத்தைச் சுற்றி, பலகை இடுக்குகளின் வழியே மேலே ஏறிப் போயிற்று. முதற்பேருந்து வருவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.